ஓட்டுப் போட மட்டும் உள்ளே போன பள்ளி

வடசென்னை வியாசர்பாடியில் எங்கள் வீட்டிலிருந்து அந்த கார்ப்பரேஷன் பள்ளிக்கு நடந்தால் நாலு நிமிஷம். 2012இல் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்ததிலிருந்து 2021 வரை நான் அதற்குள் போனது நாலே முறை. 2014, 2016, 2019, 2021. நாலும் ஓட்டுப் போட. வரிசையில் நின்று, சுவரில் மாட்டியிருக்கும் அ, ஆ படத்தைப் பார்த்துவிட்டு, விரலில் மையோடு வெளியே வந்துவிடுவேன். மற்ற நாட்களில் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறைகூட யோசித்ததில்லை. ஆனால் பள்ளியைப் பற்றிக் கருத்து மட்டும் என்னிடம் நிறைய இருந்தது.

நான் வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவள். வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி டிரைவர். ஹார்பர் லைனில் வண்டி ஓடினால் காசு, கியூவில் நின்றால் இல்லை. தையல் மெஷின் வாசல் பக்கம் இருப்பதால் தெருவின் எல்லா வருமானமும் என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். பக்கத்து எம்.கே.பி. நகரில் சொந்த வீட்டுக்காரர்கள், ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்பிலும் ஹார்பரிலும் பர்மனென்ட் வேலையில் இருப்பவர்களின் மனைவிமார்கள் லைனிங் வைத்த பட்டு பிளவுஸுக்கு வருவார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுபவர், துணிக்கடையில் நிற்பவர் வீட்டுப் பெண்கள் பண்டிகைக்கு இரண்டு பிளவுஸ் தைப்பார்கள். வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள், யாரோ கொடுத்த பழைய பிளவுஸைப் பிரித்துத் தங்கள் அளவுக்குப் பிடிக்கச் சொல்வார்கள். அளவு எடுக்கும்போது எல்லோரும் பிள்ளைகளைப் பற்றித்தான் பேசுவார்கள். பள்ளிக்கூடம் வராத பேச்சே கிடையாது.

இத்தனை வருஷம் கேட்டதில் எனக்குத் தெரிந்த ஒன்று: அந்தப் பள்ளியைப் பற்றி வசதியானவர்கள் கெட்டதாகப் பேச மாட்டார்கள். அவர்கள் பேச்சில் அது வரவே வராது. அது ஒரு மதில், அவ்வளவுதான். அதன் ஓரமாகக் காரை நிறுத்துவார்கள். பிள்ளைகளை அங்கே அனுப்புகிற அக்காக்களும் பொதுவாகத் திட்ட மாட்டார்கள். அவர்கள் பேச்சில் விவரம்தான் இருக்கும். "மூணாங் கிளாஸ் டீச்சர் நல்லா சொல்லித் தராங்கோ, நாலாங் கிளாஸ்க்கு ஆளு வந்தா போதும்." குறையும் அப்படித்தான்: "தண்ணி டேங்க் கழுவி ரெண்டு மாசம் ஆவுது." பயந்து, முகத்தைச் சுளித்து, சத்தமாகப் பேசியவர்கள் எல்லாம் நடுவில் இருக்கும் நாங்கள்தான். மாதம் இருபதாயிரத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் குடும்பங்கள். "அங்க பசங்கோ கெட்ட வார்த்தை பேசும்க்கா." "படிக்கலைன்னா கார்ப்பரேஷன் ஸ்கூல்ல தள்ளிடுவேன் பாத்துக்கோ" என்று பிள்ளையை மிரட்டுவதும் எங்கள் வீடுகளில்தான். நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஏன் என்று பின்னால்தான் புரிந்தது. எம்.கே.பி. நகர் அம்மாவுக்கு அந்தப் பள்ளி ரொம்ப தூரம். எனக்கு அது ஒரு மாதச் சம்பளம் தவறினால் போய் விழுகிற இடம். நான் பயந்தது பள்ளிக்கு இல்லை, அந்த விழுதலுக்கு. கட்டும் ஃபீஸ்தான் நாங்கள் விழவில்லை என்பதற்கு ரசீது.

அந்த ரசீதின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் பையன் ஒண்ணாம் வகுப்பு, பக்கத்துத் தனியார் பள்ளியில். ஃபீஸ் 24,000. புத்தகம், நோட்டு 4,200. யூனிஃபார்ம், ஷூ 2,800. வேன் மாதம் 700 என்று பத்து மாதத்துக்கு 7,000. ஆண்டு விழா டான்ஸுக்கு ஒரு ஜிகினா டிரெஸ் 900. நான் தையற்காரி, அந்த டிரெஸ்ஸுக்கு இருநூறு ரூபாய்த் துணிகூடக் கிடையாது. ஆனால் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். மொத்தம் 38,900. எங்கள் இருவர் வருமானத்தில் ஆறில் ஒரு பங்கு. ஃபீஸ் மட்டும்தான் செலவு என்று நினைத்துச் சேர்ப்பவர்கள் இப்படி உட்கார்ந்து ஒரு முழு வருஷத்துக்கும் எழுதிப் பாருங்கள். மே மாதக் கடைசியில் எங்கள் பக்கத்து அடகுக் கடையில் கம்மலோடு நிற்கும் பெண்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்த முகங்கள். நானும் நின்றிருக்கிறேன்.

இவ்வளவு கட்டிப் படிக்கிற பாடம் என்ன? மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் ஒரே பாடம் என்று 2010இல் ஒண்ணாம், ஆறாம் வகுப்புகளிலும் அடுத்த வருஷம் மற்ற வகுப்புகளிலும் தொடங்கிய சமச்சீர்க் கல்விப்படி அரசு போடும் புத்தகம்தான். கார்ப்பரேஷன் பள்ளியில் இலவசமாகத் தருவதும் அதுதான். மேலே நாலு தனியார் புத்தகம் சேர்த்துக் கொடுத்தார்கள், அதில் இரண்டு கடைசிவரை பிரிக்கப்படவே இல்லை. புத்தகக் கட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். மார்ச் மாதத்தில் எத்தனைப் பக்கம் எழுதியிருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள்.

2020இல் ஊரடங்கு. லாரி நின்றது, கல்யாணங்கள் நின்றன, தையலும் நின்றது. வீட்டில் ஒரே போன். அது அவரோடு போய்விட்டால் ஆன்லைன் வகுப்பு இல்லை. பாதி ஃபீஸ் பாக்கி நின்றது. 2021 ஜூனில் மூணாம் வகுப்புக்கு வேறு வழியில்லாமல் அந்த மதிலுக்குள் போனேன். இந்த முறை ஓட்டுப் போட இல்லை.

பழைய பள்ளியில் பாக்கி கட்டினால்தான் டி.சி. என்றார்கள். இங்கே தலைமை ஆசிரியை, "சேருங்கம்மா, டி.சி. அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அது அவர் தயவு என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 2009ஆம் வருஷக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே, டி.சி. வரத் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது என்கிறது. இந்த நிலைமையில் இருப்பவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் கேட்டுவையுங்கள்: பழைய பள்ளி எமிஸ் கணினிப் பதிவில் பிள்ளையின் பெயரை விடுவித்துக் 'காமன் பூல்' என்பதில் போட வேண்டும். அது நடக்காவிட்டால் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கும், பதிவில் பழைய பள்ளியிலேயே இருக்கும். எங்களுக்கு அது முடிய அலைச்சல்தான்.

அந்த வருஷம் ஒண்ணு முதல் எட்டு வரை பள்ளி திறந்தது நவம்பர் 1. முதல் நாள் பையனை அனுப்பியபோது நான் செய்த காரியத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. பழைய பள்ளியின் பெயர் பொறித்த பையையே மாட்டி அனுப்பினேன். தெரு முனைவரை யாராவது பார்த்தால் அங்கேதான் போகிறான் என்று இருக்கட்டும் என்று. ஒரு வாரத்தில் அவனே கேட்டான், "ஏம்மா, நான் எந்த ஸ்கூலு?"

அடுத்த அடி வகுப்பிலேயே விழுந்தது. மூணாம் வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பையனுக்குத் தமிழில் இரண்டு வரி சேர்த்துப் படிக்க வரவில்லை என்றார். ஆங்கிலத்தில்? ரைம்ஸ் வந்தது, 'மே ஐ கோ டு டாய்லெட் மிஸ்' வந்தது. புத்தகத்தைத் திறந்து கொடுத்தால் அதுவும் வரவில்லை. ஊரடங்கில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பின்தங்கல் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் நான் ஷூவையும் டையையும் பார்த்துப் படிப்பு நன்றாக நடக்கிறது என்று நம்பியிருந்தேன். எங்கள் தொழிலில் இதைத் துணியைப் பார்த்துத் தையலை எடை போடுவது என்போம். பட்டாக இருந்தாலும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தால்தானே மடிப்பு விட்டிருக்கிறதா, ஓவர்லாக் போட்டிருக்கிறதா என்று தெரியும். பள்ளி வாசலில் நிற்கும் ஸ்கூட்டிகள், அம்மாக்கள் பேசும் இங்கிலீஷ், பிள்ளைகளின் வெள்ளை சாக்ஸ் எல்லாமே அந்தக் குடும்பங்களின் வருமானம். அதைப் பார்த்து நாம் பள்ளிக்கு மார்க் போடுகிறோம். அந்தப் பிள்ளை சாயங்காலம் டியூஷன் போய்க் கற்றுக்கொண்டதும் பள்ளியின் கணக்கில் ஏறிவிடுகிறது. டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைக்கு வராத பாடமும் அதேபோல் அவன் பள்ளியின் கணக்கில்தான் விழுகிறது.

சரி, கார்ப்பரேஷன் பள்ளி சொர்க்கமா? இல்லை. நாலாம் வகுப்பில் பல நாட்கள் இரண்டு வகுப்பை ஒரே டீச்சர் பார்த்தார். வாக்காளர் பட்டியல் வேலை, பயிற்சி என்று டீச்சர்கள் இல்லாத நாட்கள் உண்டு. சாயங்காலம் மதிலோரம் குடிப்பவர்கள் விட்டுப்போன பாட்டில்களைக் காலையில் பொறுக்க வேண்டியிருந்தது. பெண் பிள்ளைகள் கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாமல் நாலு மாதம் ஓடியது. இதெல்லாம் வாசலில் நின்று பார்த்தால் தெரியாது. அதனால் பிள்ளையைச் சேர்க்கும் முன் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள், சேர்க்கை விழா நாளில் வேண்டாம். கழிவறையைக் காலையில் பார்க்காதீர்கள், மதியச் சாப்பாடு முடிந்த பிறகு பாருங்கள். எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர், தலைமை ஆசிரியரும் வகுப்பு எடுக்கிறாரா என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஒரு ஆசிரியர் என்பது சட்டம் சொல்லும் கணக்கு. அப்புறம் ஏதாவது ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கி, சிவப்பு மையில் டீச்சர் திருத்தியிருக்கிறாரா, தேதி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். தனியார் பள்ளிக்குப் போனாலும் இதையேதான் கேட்கச் சொல்வேன். அங்கே காசு கட்டுகிறவர்கள் கேட்கவே மாட்டேன் என்கிறார்கள், அதுதான் எனக்குப் புரியவில்லை.

யாரிடம் விசாரிப்பது என்பதும் முக்கியம். நான் ஒன்பது வருஷம் விசாரித்ததெல்லாம் பிள்ளையை அங்கே அனுப்பாதவர்களிடம். அனுப்பும் அக்காவிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அவள் சொல்வதை எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்கு வேறு வழி இல்லாதவள், என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அந்த டேங்க் கழுவாத சங்கதி அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

தாழ்ப்பாள் விஷயத்தில்தான் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்தேன். 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான். கூட்டத்தில் வாயைத் திறப்பவர்கள் யார் என்று கவனித்தேன். என்னைப் போல வேறு பள்ளி பார்த்துவிட்டு வந்தவர்கள். வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடுவார்கள், மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் அவர்களுக்கு ஒரு வீட்டு வேலை போய்விடும். கூட்டத்தைக் காலையில் பிள்ளையை விட வரும் நேரத்துக்கு மாற்றச் சொன்னேன். அன்றைக்கு ஒரு அக்கா எழுந்து, "தாப்பாள் இன்னா வெலை? அறுவது ரூவா. நாமளே போட்டுக்கலாம்" என்றாள். அடுத்த நாள் போட்டாயிற்று. நான் இரண்டு மனு எழுதி வைத்திருந்தேன்.

சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. தெருவில் எல்லோரும் முகத்தைச் சுளிப்பது அங்கேதான்: "சோத்துக்குப் போற ஸ்கூலு." காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. ஒரு நாள் உப்புமா, ஒரு நாள் கிச்சடி, ஒரு நாள் பொங்கல், சாம்பாரோடு. முதலில் நான் பையனை வீட்டிலேயே சாப்பிடவைத்து அனுப்பினேன். நம் பிள்ளை வரிசையில் தட்டோடு நிற்பதா? அவன் நாலாவது நாள், "எல்லாரும் சாப்புடுவாங்கோ, நான் மட்டும் பாத்துனு இருக்கணுமா?" என்றான். விட்டுவிட்டேன். காலை ஆறரை முதல் எட்டரை வரை எனக்கு இரண்டு மணி நேரம் கிடைத்தது. இரண்டு சாதா பிளவுஸ் வெட்டிவிடலாம். 1920இல் பிட்டி தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டதுதான் இதற்கெல்லாம் தொடக்கம். வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் இருக்கும் கல்லூரியில் பிள்ளைக்கு சீட் கிடைத்தால் இதே தெருவில் இனிப்பு கொடுப்பார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். கணேசபுரம் சுரங்கப்பாதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், தூறலுக்கே நிரம்பும். இந்த முறை வீடுகளுக்குள்ளும் தண்ணீர். பள்ளியைத்தான் முகாமாகத் திறந்தார்கள். கீழ்வீட்டுக்காரர்கள் எல்லோரும் அங்கே. "கெட்ட வார்த்தை பேசும் பசங்கோ" என்று என்னிடம் சொன்ன அதே பெண், இரண்டாம் வகுப்பு அறையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். மேலே பார்த்து, "பரவால்லயே, ஃபேன் எல்லாம் இருக்குது" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். 2021 வரை நானும் அவளும் ஒன்றுதான்.

அந்தப் பள்ளி வேண்டாம் என்பதற்கு என் நாத்தனார் வேறு நியாயம் வைத்திருக்கிறாள். அதே கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் வசதியில்லாத பிள்ளைகளுக்கு ஒதுக்கும் 25 சதவீத இடத்துக்கு அவள் பெண்ணுக்காக விண்ணப்பித்தாள். வருஷ வருமானம் இரண்டு லட்சத்துக்குள், வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், எல்.கே.ஜி.யில் சேர்க்கை, இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். பெயர் வரவில்லை. நம் பள்ளியில் சேர்த்துவிடேன் என்றேன். "கவர்மெண்டே காசு கட்டி பிரைவேட்ல சேக்குது. அப்ப அவங்க ஸ்கூல் நல்லால்லைன்னு அவங்களே சொல்றாங்கன்னு தானே அர்த்தம்?" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. சட்டம் அந்த எண்ணத்தில் வரவில்லை என்பது உண்மை. ஆனால் குலுக்கலில் தோற்றவர்கள் காதில் அது அப்படித்தான் விழுகிறது. அதிலேயே நம்பிக்கை வைத்து மற்ற இடங்களை விட்டுவிடாதீர்கள். 2025இல் ஒன்றிய, மாநில அரசுகளின் நிதித் தகராறில் அந்தச் சேர்க்கை அக்டோபர்வரை தள்ளிப்போனது.

தொடக்கப் பள்ளியில் எடுக்கும் முடிவு வாழ்நாள் முடிவு என்று பதற வேண்டாம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடும், கல்லூரிக்குப் போனால் மாதம் ஆயிரம் தரும் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களும் ஆறாம் வகுப்பிலிருந்து எங்கே படித்தார்கள் என்றுதான் பார்க்கின்றன. ஐந்தாம் வகுப்பு முடியும்போது இதை உட்கார்ந்து பேசுங்கள். நாங்கள் பேசினோம். பையன் இப்போது அரசு மேல்நிலைப் பள்ளியில்தான்.

சின்னவள் 2022இல் அதே பள்ளி எல்.கே.ஜி.யில் சேர்ந்தாள். தொடக்க வகுப்புகளில் 'எண்ணும் எழுத்தும்' என்ற அரசுத் திட்டத்தில், பிள்ளைகளை அவர்களுக்கு வந்த அளவுக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடக்கிறது. உங்கள் பிள்ளை அங்கே இருந்தால் ரேங்க் கேட்காதீர்கள், எந்தக் குழுவில் இருக்கிறாள், அடுத்ததற்குப் போக என்ன வர வேண்டும் என்று கேளுங்கள். டீச்சருக்கும் பதில் சொல்ல வசதி, நமக்கும் வீட்டில் இருபது நிமிஷம் எதைப் படிக்கவைப்பது என்று தெரியும். அந்த இருபது நிமிஷத்தைத் தவறவிட்ட மாதங்களில் அவள் பின்தங்கியதையும் பார்த்துவிட்டேன்.

இலவசச் சீருடை வருஷத்துக்கு நாலு செட். மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களில் தைத்து வருகிறது. தையல் குறை சொல்ல முடியாது, அளவுதான் ஒல்லிப் பிள்ளைக்குத் தொளதொள, குண்டுப் பிள்ளைக்குப் பிடிக்காது. என் பிள்ளைகளுக்குப் பிரித்து டக் பிடித்துக் கொடுத்ததைப் பார்த்து மற்ற அம்மாக்களும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு சட்டைக்கு இருபது ரூபாய். ஜூன் மாதம் வாசலில் சீருடை வரிசையாகத் தொங்கும். எந்த வருஷம் எத்தனைப் பேர் அங்கே சேர்ந்தார்கள் என்று எனக்கு அதை வைத்தே தெரியும்.

போன ஜூனில் எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு அம்மா வந்தார். வழக்கமாகப் பட்டு பிளவுஸுக்கு வருபவர். அவர் வீட்டுக்காரரின் கம்பெனியில் ஆள் குறைத்தார்கள் என்று முன்பே காதில் விழுந்திருந்தது. கறுப்பு கேரி பேக்கை மெஷின்மேல் வைத்தார், பிரிக்கவில்லை. "மூணு சட்டை, ரெண்டு பேன்ட். தோள்ல கொஞ்சம் பிடிக்கணும்" என்றார். நான் எட்டிப் பார்க்கும் முன்னே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்த வகுப்பு என்று மட்டும் கேட்டேன். "மூணு" என்றார். மூணாம் வகுப்பு டீச்சர் நன்றாகச் சொல்லித் தருவார் என்றேன். அப்படியா என்று ஸ்டூலில் உட்கார்ந்து, கழிவறை எப்படி, தண்ணீர் எப்படி என்று மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். போகும்போது திரும்பி, வாசலில் தொங்கிய மற்றச் சீருடைகளைப் பார்த்தார். அவருடையதை உள்ளே வைத்தே தைத்துக் கொடுத்தேன்.